சங்கரா மீனின் சிவப்பு

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் யாராவது "காலைத் தூக்கு!" என்று அலறுவது கேட்டால், அது நான்தான். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேன், ஓடிக்கொண்டே கத்துவேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். வண்டி கிளம்பியதும் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வருவார்கள். செருப்பு தேயும், புடவைக் கரை கிழியும், கால் மட்டும் மேலே வராது. "தரையில காலை வெச்சிகினு போறதுக்கு எதுக்குடி வண்டி? நடந்தே போயேன்!" என்பேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். மெல்லப் பேசி யாருக்கும் வண்டி வந்ததில்லை.

என் மாணவிகளிலேயே படுமோசம் பூரணாங்குப்பத்து மீன்கார அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். காலையில் ஷேர் ஆட்டோவில் மீனைக் கொண்டுவந்து, பாகூர்த் தெருக்களில் விற்று முடித்துவிட்டு, உச்சி வெயில் ஏறும் நேரத்தில் காலியான தெர்மாகோல் பெட்டியும் மிச்ச ஐஸுமாக ஏரிக்கரைக்கு வந்து நிற்பார். சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தானே ஓட்டிப் போய் விற்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் சீட்டில் உட்கார்ந்த மாத்திரத்தில் மாதாவையும் மாரியம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

"அக்கா, காலைத் தூக்கு!"

"நான் காலைத் தூக்கிட்டா, அப்பாலிக்கா என்னை யாரு டீச்சரு தூக்கறது?"

வாரக்கணக்கில் இதே பேச்சுதான். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பேன். இவரை விட மனசு வரவில்லை. இவர் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அந்த மாசியில்தான் ஸ்கூட்டர் எனக்கு ஷாக் அடிக்க ஆரம்பித்தது. சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும், கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கால் வரைக்கும் சுரீர் என்று கரண்ட் இறங்கும். நேரே மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் பேட்டரியைக் கழற்றினார், வயரையெல்லாம் பிரித்துப் பார்த்தார், கடைசியில் இருக்கிற இடத்திலெல்லாம் கறுப்பு டேப் சுற்றிவிட்டு, "யக்கா, வண்டில ஒன்னும் இல்ல. நீங்க எதுக்கும் ரப்பர் செருப்பு போடுங்க" என்றார். ரப்பர் செருப்பு போட்டேன். மறுநாள் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது கிரைண்டருக்குள் குனிந்து பார்த்தேன், அங்கேயும் ஷாக். சரி, வீட்டிலும் எர்த் லீக்கேஜ் என்று முடிவு கட்டி, என் கணவரைப் பிடித்து வீடு முழுக்க டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பாவம், மனிதர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூல் மேலேயே நின்றார். சுவிட்சு போர்டு எல்லாம் நன்றாகவே இருந்தது. என் கழுத்தைச் சோதிக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு இடது பாதம் மரத்துப் போனது. எந்நேரமும் தடிமனான சாக்ஸ் போட்டிருப்பது போல இருந்தது. அதன் பிறகு வலது கண். கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தக் கண் மட்டும் மங்கும், கால் துவளும். வீட்டுக்கு வந்து போர்த் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவலை ஆகிவிடும்.

இதைக் கேட்டதும் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சூடுடி! ஒடம்பு சூடு! வெயில்ல மாடு மாதிரி ஓடறியே, சூடு ஏறாம இன்னா பண்ணும்?"

நம் பக்கத்தில் சூடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கண் எரிந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு, முடி கொட்டினாலும் சூடு. அம்மா முழு மூச்சாக இறங்கினார். காலையில் ஊறவைத்த வெந்தயம், பதினோரு மணிக்கு மோர், மத்தியானம் இளநீர், உச்சந்தலையில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய். தெருவில் நான் நடந்து போனால் விளக்கெண்ணெய் வாசனை எனக்கு முன்னால் போகும்.

வேடிக்கை என்னவென்றால், அது வேலை செய்தது! குளிர்ச்சியாக ஏதாவது உள்ளே போனால், தலையில் ஈரத்துண்டு போட்டால், கண் தெளிந்தது, கால் நிமிர்ந்தது. வம்பே அதுதான். எந்தக் கைவைத்தியமும் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் ஓடியிருப்போம். கேட்டுத் தொலைத்ததால் பங்குனி முழுக்க மோரும் இளநீருமாகவே போனது. அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு தடவை அம்மாவின் கணக்கு இடித்தது. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிவிட்டார். குளித்து எழுந்தால் வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் புகை. கால் மடங்கி அப்படியே பாத்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, கண்ணு தெரியலம்மா!" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பயப்படாத. உள்ள இருக்கற சூடு வெளிய வருது" என்றார் அம்மா.

அரை மணி நேரத்தில் புகை விலகியது. பார்த்தாயா என்பது போல் அம்மா தலையை ஆட்டினார். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? வெளியேதான் வந்துவிட்டதே.

இதையெல்லாம் முடித்துவைத்தது ஒரு சங்கரா மீன். சித்திரை வெயிலில் ஒருநாள், மீன்கார அக்கா எனக்கென்று இரண்டு சங்கரா எடுத்து வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து காட்டினார். நான் வியர்வை இறங்கிய இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டே மீனைப் பார்த்துவிட்டு, சும்மா இருந்திருக்கலாம், "இன்னாக்கா, இது இப்பிடி வெளுத்துப் போயி கெடக்குது? பழைய மீனா?" என்று கேட்டுவிட்டேன்.

மீன்காரரைப் பார்த்து இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னாது? பழசா? காலைல கரையேறின மீனு! செக்கச் செவேல்னு குங்குமம் மாதிரி கெடக்குது, வெளுத்துப் போச்சாம்! ஏன் டீச்சரு, கண்ணு இன்னா அவிஞ்சி போச்சா?"

சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். வெயிலில் எனக்குக் கண் மங்குகிறது என்று அவருக்கும் தெரியும். மீனை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஒரு கண்ணைப் பொத்து" என்றார். வலது கண்ணைப் பொத்தினேன். மீன் பளீர் என்ற சிவப்பு. "இப்ப அந்தக் கண்ணைப் பொத்து." இடது கண்ணைப் பொத்தினேன். அதே மீன், வெங்காயத் தோல் நிறத்தில் தொங்கியது. மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தேன். சிவப்பு, வெங்காயத்தோல். சிவப்பு, வெங்காயத்தோல்.

"சூட்டுக்கு ஒரு கண்ணு மட்டுமா சாயம் போவும்?" என்றார் அக்கா. "நட, டாக்டராண்ட போலாம்."

வில்லியனூரில் ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். கண் சரியாக இருக்கிறது, கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகும் நரம்பில்தான் கோளாறு, உடனே நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் என்னைவிடச் சின்னப் பெண். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு மூடி போட்ட பேனாவை எடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, நிறம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார்.

"மேடம், இந்த டெஸ்ட்ட ஏற்கனவே சங்கரா மீன வெச்சி பண்ணியாச்சி" என்றேன்.

கதையைக் கேட்டுவிட்டு டாக்டர் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி தைரியம் வந்தது. கழுத்தை வளைத்துக் குனிந்தால் கரண்ட் அடிப்பதையும், மெக்கானிக் டேப் சுற்றியதையும் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் டெஸ்ட் மேல் டெஸ்ட். தடதடவென்று சத்தம் போடும் குழாய்க்குள் படுக்கவைத்து மூளையையும் முதுகுத்தண்டையும் படம் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் திரையைப் பார்க்கவைத்து, கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி எத்தனை வேகத்தில் போகிறது என்று பார்த்தார்கள். வலது கண்ணின் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மூளைப் படத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். கழுத்துப் பக்கம் தண்டிலும் ஒன்று.

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்" என்றார் டாக்டர். "உங்க ஸ்கூட்டர் வயரை எப்பவாவது எலி கடிச்சிருக்கா?"

"கடிக்காம? அறுவடை முடிஞ்சா போதும், எங்க ஊரு எலிக்கெல்லாம் அதான் வேலை."

"அதே மாதிரிதான். நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்கு. கிருமியோட சண்டை போட வேண்டிய உங்க உடம்பே, ஆள் தெரியாம அந்த உறையைக் கடிக்குது. கம்பி வெளிய தெரிஞ்சா கரண்ட் சரியாப் போகாது. கண் நரம்புல கடிச்சா கண்ணு, தண்டுல கடிச்சா காலு. கழுத்துல ஷாக் அடிச்சதும் அதனாலதான். வண்டில கோளாறு இல்ல."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக வாயைத் திறந்தார். "அப்ப சூடு இல்லீங்களா?"

"நோய் சூட்டால வரலம்மா. ஆனா, உறை உரிஞ்ச நரம்புக்குச் சூடு ஆகாது. உடம்பு சூடானா கொஞ்ச நேரம் கண்ணு மங்கும், காலு தடுமாறும். குளிர்ந்தா பழையபடி ஆயிடும்."

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் தாயின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் அப்பவே சொன்னன்ல! சூடு ஆவாதுன்னு!" என்று டாக்டர் அறையிலேயே தொடையைத் தட்டினார். முதல் வாக்கியம் அவர் காதில் விழவே இல்லை. இன்றைக்கும் பாகூரில் யாரைக் கேட்டாலும், பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சூடுதான் என்று ஒத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "மேடம், நான் மறுபடி வண்டி ஓட்டுவனா?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. "பெரும்பாலும் கண்ணும் காலும் திரும்பி வரும். எவ்வளவு வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. நோயை வேரோட எடுக்க மருந்து இல்ல. மறுபடி கடிக்காம அடக்கி வைக்க நல்ல மருந்து இருக்கு. வண்டி மட்டும், நான் சொல்ற வரைக்கும் தொடக் கூடாது."

வராந்தாவுக்கு வந்து நன்றாக அழுதேன். போனில் அந்த நோயின் பெயரைப் போட்டால் சக்கர நாற்காலிப் படமாக வந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். நான் யார் என்று கேட்டால், வண்டி ஓட்டுகிறவள் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதல்முதலில் வண்டி ஓட்டிய பெண் நான். அது போய்விட்டால் அப்புறம் நான் என்ன?

முதலில் சில நாட்கள் ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். வாயெல்லாம் துருப்பிடித்த ஆணி ருசி, தூக்கம் கிடையாது, பசியோ அகோரம். வார்டில் எல்லோருக்கும் வந்த சாப்பாட்டில் பங்கு கேட்டேன். அதன் பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் ஏற்றிக்கொள்ள வேண்டிய மருந்து. கிருமியோடு சண்டை போடும் கூட்டத்தில் வம்பு பண்ணுகிறவர்களை அது அடக்கிவைக்குமாம். ஜுரம், சளி வந்தால் அசட்டையாக இருக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஸ்கூட்டர் சாவியைக் காணோம். என் கணவர் ஒளித்துவைத்திருந்தார். எங்கே? அரிசி டப்பாவில்! தினம் சோறு வடிக்கிறவள் நான். மூன்றாம் தடவை ஆழாக்கு போட்டபோதே சாவி கையில் வந்துவிட்டது. அவர் மனசு நோகக் கூடாது என்று மறுபடி அரிசிக்குள்ளேயே புதைத்துவிட்டேன். இன்னொரு நாள் மனிதர் மெதுவாக, "பின்னாடி சைடு வீல் மாட்டிடலாமா?" என்றார். வந்ததே கோபம்! "ஊருக்கே வண்டி கத்துக் குடுத்தவ நானு! எனக்கு சைடு வீலா?" என்று கரண்டியை ஓங்கிவிட்டேன். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. நாளைக்குத் தேவைப்பட்டால் மாட்டிக்கொள்வேன். அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, ஹாரன் அடித்துக்கொண்டே போவேன்.

மீன்கார அக்கா தினமும் காலையில் முதல் வேலையாக எங்கள் வீட்டு வாசலில் நின்று, பெட்டியிலிருந்து ஒரு சங்கராவைத் தூக்கிக் காட்டுவார். "இன்னா கலரு?"

"வெங்காயத்தோல்."

மறுவாரம், "பழைய செங்கல்."

"பரவால்ல, ஏறுது ஏறுது" என்பார். தெருவே வேடிக்கை பார்க்கும். ஒருநாள் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். மீன் சிவப்பாக இருந்தது. மற்றக் கண்ணில் தெரிவது போல அத்தனை பளிச்சென்று இல்லை. ஆனால் சிவப்பு! "செவப்புக்கா! செவப்பு!" என்று கத்தினேன். அக்கா மீனும் கையுமாக என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நைட்டியெல்லாம் செதில். அன்றைக்குச் சமையல் அந்த மீன்தான். அத்தனை சந்தோஷமாக நான் மீன்குழம்பு சாப்பிட்டதே இல்லை.

கால் மட்டும் அடம் பிடித்தது. வேறு யாரிடமாவது போய் வண்டி கற்றுக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

"நீ கத்துக் குடுத்தா கத்துக்கறன். இல்லன்னா வாணாம்."

"என்னால ஓட முடியாதேக்கா."

"ஓட வாணாம். குந்திகினு கத்து. உனுக்கு வாயிதான நல்லா இருக்குது?"

அப்படித்தான் ஏரிக்கரையில் புங்கமரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வெயில் நேரத்தில் கழுத்தைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை அள்ளித் துண்டில் சுற்றி என் பிடரியில் போட்டுவிட்டார். சுகம் என்றால் அதுதான் சுகம். நெத்திலி வாசனை வருகிறதே என்று முகத்தைச் சுளித்தேன்.

"விளக்கெண்ணெய் வாசனைக்கு இது தேவல" என்றார் அக்கா.

வகுப்புக்கு மட்டும் என் கணவர் சாவியை அக்காவிடம் கொடுத்து, முடிந்ததும் வாங்கி மறுபடி அரிசிக்குள் போட்டுவிடுவார். அக்கா என் வண்டியில் ஏறினார். பின்கம்பியைப் பிடிக்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பிடரியில் ஐஸ் சொட்டச் சொட்ட, என்னிடமிருந்த மொத்தக் குரலையும் எடுத்து, "காலைத் தூக்கு!" என்று கத்தினேன். கால் மேலே வந்தது! வண்டி ஒரு ஆட்டம் ஆடியது, பிறகு நேராயிற்று. மாதாவே, மாரியம்மா என்று அலறிக்கொண்டே அக்கா கரை நெடுகப் போனார். எனக்குக் கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை எரிந்தது. அந்த மாதமே வண்டி வாங்கிவிட்டார். என் நாற்காலி வகுப்பும் பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடிக்க ஆளில்லாததால் எல்லோரும் சீக்கிரமே காலைத் தூக்கினார்கள்.

ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருப்பது, சொல்லப்போனால், வயிறு எரிகிற வேலை. ஒவ்வொரு தடவை டாக்டரைப் பார்க்கும்போதும் அதே கேள்வி. அவர் ஒரு காலில் நிற்கச் சொல்வார், கண்ணை மூடச் சொல்வார், பாதத்தில் தட்டிப் பார்ப்பார், "இன்னும் கொஞ்சம்" என்பார். பிசியோதெரபி பயிற்சிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். இரண்டாம் தடவை மருந்து ஏற்றிய பிறகு எடுத்த படத்தில் புதிய புள்ளி ஒன்றுமில்லை. டாக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலைல, வெயிலுக்கு முன்னாடி. பக்கத்துல ஆள் இருக்கணும். களைப்பா இருந்தா, சூடா இருந்தா கிடையாது. சரியா?"

"அப்ப ஓட்டலாமா?"

"ஓட்டுங்க."

மறுநாள் விடிந்ததும் நானே அரிசி டப்பாவில் கையை விட்டேன். ஏரிக்கரையில் பனி இறங்கியிருந்தது. என் கணவர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். அம்மா கையில் மோர்ச் சொம்பு, வேறென்ன. மீன்கார அக்கா தன் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, என் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பினேன். எத்தனை வருஷம் ஓட்டிய வண்டி, யாரோ புது ஆள் மாதிரி இருந்தது. மெல்லத் திருகினேன். வண்டி நகர்ந்தது. நகர்கிறது, ஆனால் சரசரவென்று ஏதோ சத்தம். ஏதாவது சிக்கிக்கொண்டதா என்று கீழே பார்த்தேன். என் கால்கள்! இரண்டும் தரையில், செம்மண்ணைத் தேய்த்துக்கொண்டு வருகின்றன. தூக்க நினைக்கிறேன், வரவில்லை. நரம்பும் இல்லை, நோயும் இல்லை, அது வெறும் பயம். அத்தனை பெண்களையும் பிடித்து ஆட்டிய அதே பயம் எனக்குள் உட்கார்ந்திருந்தது.

பின்னால் ஒரு குரல் வெடித்தது. ஏரியில் மேய்ந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன.

"தரையில காலை வெச்சிகினு போறதுக்கு எதுக்குடி வண்டி? காலைத் தூக்கு டீச்சரு!"

தூக்கினேன்.